‘அங்கீகாரம் உண்டு’ என்றால் யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் நடந்த கல்விக் கண்காட்சியில் ஒரு பிபிஏ படிப்பைக் காட்டியிருக்கிறார்கள்: இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் இங்கிலாந்தில், பட்டம் அங்குள்ள பல்கலைக்கழகத்துடையது. ‘யுஜிசி அங்கீகாரம், நாக் ஏ பிளஸ் பிளஸ், உலகத் தரவரிசையில் உள்ள பல்கலைக்கழகம்’ என்று மூன்று முத்திரை குத்திய கையேட்டைக் கொடுத்து, 80,000 ரூபாய் முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். (யுஜிசி என்பது பல்கலைக்கழக மானியக் குழு, நாக் என்பது கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் அமைப்பு.) கட்டலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘நாளைக்கு இந்தப் பட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் நான் யாரிடம் போய்க் கேட்பது?’ அதுதான் அசல் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் முன்பணத்துக்கான பதில் தானாக வந்துவிடும்.

நான் வக்கீலும் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் பிரிவில் 22 வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். வெளி மாநிலம், வெளிநாடு என்று எங்கிருந்து மதிப்பெண் பட்டியல் வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். இப்போது கோரிமேட்டில் இருக்கிறேன். தெரிந்தவர்கள் பிள்ளைகளின் கடிதங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள், பார்த்துச் சொல்வேன். அதனால் காகிதத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வகுப்பறைக்குள் பாடம் எப்படி நடக்கும் என்பதைக் காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லவில்லை. எனவே ‘நல்லது, கெட்டது’ என்ற தீர்ப்பு இந்தப் பதிலில் இருக்காது.

முதலில் அந்த ‘அங்கீகாரம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் அதை ஒரே சாமான் மாதிரி பேசுகிறோம். குறைந்தது நான்கு வேறு வேறு விஷயங்கள் அதற்குள் இருக்கின்றன. அந்த நிறுவனத்துக்குப் பட்டம் கொடுக்கச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா என்பது ஒன்று. இந்தப் படிப்பை, இந்த இடத்தில் வைத்து நடத்த ஒப்புதல் இருக்கிறதா என்பது இன்னொன்று. அந்தப் பட்டத்தை இந்தியாவில் இன்ன பட்டத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வார்களா என்பது மூன்றாவது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று தொழில் செய்ய உரிமம் கிடைக்குமா என்பது நான்காவது. முதலாவதற்கான கடிதத்தைக் காட்டி மீதி மூன்றும் இருப்பதாகப் பேசுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் வித்தை. இதில் பொய் என்று ஒரு சொல்கூட இருக்காது. அதனால்தான் பிடிப்பது கஷ்டம்.

நீங்கள் ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் கணக்கு பார்ப்பதாக எழுதியிருப்பதால் உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சரக்கு போனால் சாம்பிள் எடுத்துப் பார்ப்பார்கள். மக்காச்சோள மாவு கலந்திருக்கிறதா, ஈரம் எவ்வளவு என்று பார்த்து ஒரு ரிசல்ட் வரும். அந்த ரிசல்ட் அந்த லாட்டுக்குத்தான். அதே முதலாளி, அதே மூட்டை, அதே முத்திரை என்பதற்காகப் போன மாதத்து ரிசல்ட்டைக் காட்டி இந்த மாதத்துச் சரக்கை விற்க முடியுமா? வாங்குகிறவர் சிரிப்பார். படிப்பும் அப்படித்தான். இங்கிலாந்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தில் நடக்கும் பிபிஏவைச் சோதித்தவர்கள், சேலத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பிபிஏவைச் சோதித்ததாக ஆகாது. உயர்கல்வி எல்லை தாண்டும்போது வரும் சிக்கலே இதுதான். பல்கலைக்கழகத்தின் நாட்டில் இருக்கும் தர அமைப்பு அங்கிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே இருக்கும் அமைப்போ அது வெளிநாட்டுப் பட்டம்தானே என்று விட்டுவிடலாம். நடுவில் மாணவன் நிற்பான்.

இந்த இடைவெளி எல்லோருக்கும் தெரிந்ததுதான். யுனெஸ்கோவும், வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியும் சேர்ந்து 2005இல் எல்லை தாண்டிய உயர்கல்வியின் தரத்துக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டன. அதன் சாரம் எளிது: பட்டம் கொடுப்பவர் சொந்த நாட்டில் எந்தத் தரத்தில் நடத்துகிறாரோ அதற்கு ஒப்பான தரத்தில்தான் வெளியூரிலும் நடத்த வேண்டும், அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்ள வேண்டும். நல்ல ஆவணம். ஆனால் யாரையும் கட்டுப்படுத்தாது, வழிகாட்டி மட்டும். கட்டுப்படுத்துவது அந்தந்த நாட்டுச் சட்டம். ஆகவே நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம்.

1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி இந்தியாவில் பட்டம் கொடுக்க மூன்று வகையினருக்குத்தான் உரிமை: சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்கள். நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இணைப்புக் கல்லூரி எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும் பட்டத்தில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்துவதற்கு யுஜிசி 2022 மே மாதத்தில் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதில் மூன்று வகைதான் உண்டு. உங்கள் கையேட்டில் இருப்பது எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும்.

ட்வின்னிங் என்றால் மாணவர் கொஞ்ச காலம் வெளிநாட்டில் படிப்பார். அங்கே சேர்க்கும் கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் புள்ளி) மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பட்டம் கொடுப்பது இந்திய நிறுவனம் மட்டும். கூட்டுப் பட்டம் என்றால் இரண்டு நிறுவனத்திலும் குறைந்தது 30 சதவீதமாவது படிக்க வேண்டும், இருவரின் சின்னமும் பொறித்த ஒரே சான்றிதழ் வரும். இரட்டைப் பட்டம் என்றால் ஒரே பாடத்தில், ஒரே நிலையில், இருவரும் தனித்தனியாகப் பட்டம் கொடுப்பார்கள், அதில் இந்திய நிறுவனத்தில் குறைந்தது 30 சதவீதம் படித்திருக்க வேண்டும். இப்போது உங்கள் கையேட்டை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் மேலே ‘ட்வின்னிங் புரோகிராம்’ என்றும், கீழே ‘பட்டம்: பிரிட்டிஷ் பல்கலைக்கழகம்’ என்றும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக நிற்காது. ட்வின்னிங் என்றால் பட்டம் இந்திய நிறுவனத்துடையது, பிரிட்டிஷ் பட்டம் என்றால் அது ட்வின்னிங் அல்ல. மூன்றில் ஒரு வருடம் வெளிநாடு என்பது கிரெடிட் கணக்கில் சுமார் 33 சதவீதம் வருகிறதே, அதுவும் 30ஐத் தாண்டுகிறதே என்று உறுத்துகிறது. அச்சடித்தவர் சொல்லைத் தவறாகப் போட்டிருக்கலாம். அப்படியே இருந்தாலும் அதை எழுத்தில் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது ‘யுஜிசி அங்கீகாரம்’. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நாக்கில் குறைந்தது 3.01 புள்ளி வாங்கிய நிறுவனம், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100க்குள் வந்த நிறுவனம், அல்லது ‘இன்ஸ்டிடியூஷன் ஆஃப் எமினென்ஸ்’ என்ற சிறப்புத் தகுதி பெற்ற நிறுவனம், டைம்ஸ் அல்லது க்யூஎஸ் உலகத் தரவரிசைப் பட்டியலில் முதல் 1000க்குள் இருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடு சேரலாம். அதற்கு யுஜிசியிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. அதாவது எல்லாம் ஒழுங்காக இருந்தாலும்கூட, இந்தக் கூட்டு ஏற்பாட்டைக் குறித்து யுஜிசியில் யாரும் கோப்பைத் திறந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தகுதியுள்ள இருவர் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். ‘யுஜிசி பார்த்து ஒப்புதல் கொடுத்த படிப்பு’ என்று ஏஜென்ட் வாயால் சொன்னால், ஒப்புதல் கடிதத்தின் எண்ணும் தேதியும் கேளுங்கள். இன்னொன்று: பெயரை மட்டும் வாடகைக்கு விடும் ஃப்ரான்சைஸ் ஏற்பாட்டுக்கு, அதை எந்தப் பெயரில் அழைத்தாலும், இந்த ஒழுங்குமுறையில் இடமில்லை. ஆன்லைனிலோ தொலைதூரத்திலோ நடத்துவதற்கும் இது பொருந்தாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரில் எட்டெக் என்ற இணையவழிக் கல்விக் கம்பெனிகள் விற்கும் பட்டங்கள் செல்லாது என்று யுஜிசி 2023 டிசம்பரில் பகிரங்கமாகவே எச்சரித்தது.

ஃப்ரான்சைஸ் என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள இன்ன பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் சமநிலைச் சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். வாழப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் எம்பிஏ சேர வந்தான். நகைக்கடைப் பிளாஸ்டிக் பையில் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். பட்டம் அசல். பல்கலைக்கழகமும் அசல், பேர் சொன்னால் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாள் கனமானது, சாய்த்துப் பார்த்தால் நீரெழுத்து தெரிந்தது. பட்டத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. மதிப்பெண் பட்டியலைத் திருப்பினேன். அடியில், சின்ன எழுத்தில், ‘கற்ற இடம்’ என்று ஒரு வரி. அதற்கு நேரே ஒரு இந்திய நகரத்தின் பெயரும் ஒரு தனியார் பயிற்சி மையத்தின் பெயரும் இருந்தன. மூன்று வருடமும் அவன் விமானமே ஏறவில்லை. ‘மேடம், பட்டம் ஒரிஜினல்தானே?’ என்று கேட்டான். ஒரிஜினல்தான் தம்பி என்றேன். சமநிலைச் சான்றுக்கு எழுதிப் போட்டோம். இரண்டு வரியில் மறுப்பு வந்தது: ஒப்புதல் இல்லாத மையத்தில் படித்தது, சமநிலை தர இயலாது. அவன் அப்பா மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு போடுகிறவர். அந்த மையத்துக்குப் போய்க் கேட்டபோது, ‘நாங்கள் கொடுப்பதாகச் சொன்ன பட்டத்தைக் கொடுத்துவிட்டோமே’ என்றார்களாம். அதிலும் பொய் இல்லை, பாருங்கள். பையன் திரும்ப இங்கேயே பி.காம் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். அன்றிலிருந்து எந்தப் பட்டியல் வந்தாலும் அடிவரியைத்தான் முதலில் பார்ப்பேன். மாதிரிப் பட்டமும் மாதிரி மதிப்பெண் பட்டியலும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வதும் அதனால்தான்.

இப்போது அந்த வேலை யுஜிசியிடம் வந்துவிட்டது. வெளிநாட்டுத் தகுதிகளை ஏற்பதற்கும் சமநிலை வழங்குவதற்கும் 2025 ஏப்ரலில் தனி ஒழுங்குமுறை அறிவிக்கப்பட்டது. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஃப்ரான்சைஸ் முறையில் பெற்ற பட்டத்துக்குச் சமநிலை கிடையாது என்பது அதிலும் இருக்கிறது. மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை மாதிரி தனி மன்றங்கள் உள்ள படிப்புகள் இதில் வராது, அந்தந்த மன்றத்திடம்தான் போக வேண்டும். ‘தனியார் வேலைக்குப் போகப்போகிறாள், சமநிலை எதற்கு?’ என்று கேட்காதீர்கள். இருபத்தொரு வயதில் எம்பிஏ, முப்பதில் ஒரு அரசுத் தேர்வு, நாற்பதில் கல்லூரி ஆசிரியர் வேலை என்று எப்போது வேண்டுமானாலும் அது தேவைப்படும். அப்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இப்போதைய சேர்க்கைக் காகிதத்தைப் பற்றியதாக இருக்கும்.

சரி, இது நம் பக்கத்துக் கதை. பிரிட்டன் மாதிரி நாட்டில் கண்காணிப்பு இருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது, அங்கும் சறுக்கியிருக்கிறது. வேல்ஸ் பல்கலைக்கழகம் 1893இல் அமைந்த பழைய பல்கலைக்கழகம். வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் நடக்கும் படிப்புகளுக்குத் தன் பட்டத்தைக் கொடுத்துவந்தது. அந்தக் கூட்டாளிக் கல்லூரிகள் சிலவற்றின் லட்சணத்தை பிபிசி வேல்ஸ் அம்பலப்படுத்தியது. 2011இல் அந்த முறையையே கைவிடுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. பெயர் பெரியது, வயது நூற்றுக்கும் மேல், அப்படியும் கூட்டாளியின் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க ஆள் இல்லை.

வேறு மாதிரிச் சறுக்கலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் சொந்தக் கிளையை 2007 மார்ச்சில் திறந்தது. தரத்தில் குறை சொல்லவே ஆள் இல்லை. ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சேர்ந்தவர்கள் 148 பேர்தான். அதே வருடம் ஜூனில் மூடிவிட்டார்கள். சிட்னிக்கு வந்து படியுங்கள் என்று மாணவர்களுக்கு வழி காட்டினார்கள், அது பெரிய பல்கலைக்கழகம், பொறுப்பு எடுத்துக்கொண்டது. உங்கள் மகள் சேரும் இடத்தில் கூட்டாளிகள் இருவரும் நடுவில் பிரிந்துவிட்டால் இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளை யார் முடித்துக் கொடுப்பது? ஒப்பந்தத்தில் அந்த விதி இருக்க வேண்டும். தரம் என்றால் பாடத்திட்டமும் ஆய்வகமும் என்று நினைக்கிறோம். மூடும்போது யார் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பதும் தரம்தான்.

அடியோடு போலி என்ற வகையைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், உங்கள் விஷயம் அதுவாகத் தோன்றவில்லை. கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற கம்பெனி, இல்லாத பல்கலைக்கழகங்களுக்கு நூற்றுக்கணக்கில் வலைத்தளம் கட்டிப் பட்டம் விற்றதை 2015இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பல்கலைக்கழகத்தோடு சேர்த்து, அதற்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகளையும் அவர்களே உருவாக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் கொடுப்பது அரசு அல்ல, தனி அமைப்புகள். அந்த அமைப்பை அமெரிக்கக் கல்வித் துறையோ சீயா என்ற உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலோ ஏற்றிருக்கிறதா என்று ஒரு படி மேலே போய்ப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற கல்வி நிறுவனத்தை 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனையிட்டு மூடியபோது, அங்கே விசா வாங்கிப் போன நம் தெலுங்குப் பிள்ளைகள் சிலரின் காலில் கண்காணிப்பு வளையம் மாட்டினார்கள். செய்தியில் பார்த்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இனி உங்கள் கையேட்டின் மீதி இரண்டு முத்திரைகள். நாக் ஏ பிளஸ் பிளஸ் என்பது இந்தியக் கல்லூரிக்குக் கிடைத்தது, 3.51 முதல் 4 வரை வாங்கினால் அந்த எழுத்து. அது கல்லூரி முழுமைக்கும், குறிப்பிட்ட காலத்துக்கும் உரியது. நேற்று ஆரம்பித்த கூட்டுப் படிப்பை நாக் பார்த்ததாக ஆகாது. தவிர, நாக் ஆய்வுக் குழுத் தலைவர் ஒருவரையும் உறுப்பினர்களையும் 2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்ததும் நடந்திருக்கிறது. அதற்காக எழுத்தெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன், அது ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்கிறேன். உலகத் தரவரிசை இன்னும் தூரமான விஷயம். ஆராய்ச்சிக் கட்டுரைகள், மற்ற பேராசிரியர்களிடம் இருக்கும் பெயர் போன்றவைதான் அதில் கனமாக நிற்கின்றன. முதலாமாண்டு கணக்கியலை உங்கள் மகளுக்கு யார் நடத்துவார் என்பதை அந்த எண் சொல்லாது. யுஜிசி அதைத் தகுதி வரம்பாக வைத்திருப்பது அளக்க வசதியாக இருப்பதால்தான் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

‘அப்போஸ்டில் செய்து தருவோம்’ என்றும் சொன்னார்களாம். அது இன்னொரு மயக்கம். 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தப்படி செய்வது, இந்தியாவில் அது 2005இல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. வாழப்பாடிப் பையனின் பட்டத்திலும் எல்லா முத்திரையும் இருந்தது.

சேலத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பெயர் என்றால் ஒரு மரியாதை உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. மலை மேலே ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் 1894இலும் மான்ட்ஃபோர்ட் 1917இலும் வந்தன. ஐரோப்பாவில் தோன்றிய துறவற சபைகள் நடத்தியவை. ஆனால் அங்கே பெயர் மட்டும் வரவில்லை. நடத்தியவர்களும் குளிரிலும் மழையிலும் அந்த மலையிலேயே தங்கினார்கள், அங்கேயே வயதானார்கள். இன்று வருகிற ஏற்பாடுகளில் பெயர் வருகிறது, ஆள் வருவாரா என்பதைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு பழைய வழியும் இருந்தது. லண்டன் பல்கலைக்கழகம் 1858லிருந்தே வெளியூர் மாணவர்களைத் தேர்வுக்கு அனுமதித்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் எத்தனையோ பேர் அப்படி ‘லண்டன் பிஏ’ ஆனார்கள். பாடத்தை யாரிடம் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், ஆனால் கேள்வித்தாளும் திருத்தலும் லண்டனுடையது. அதனால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு நின்றது. ஆகவே உங்கள் மகளின் படிப்பிலும் கேள்வித்தாள் எடுப்பது யார், திருத்துவது யார், பிரிட்டிஷ் முறைப்படி வெளித்தேர்வாளர் ஒருவர் விடைத்தாள்களை மாதிரி பார்க்கிறாரா என்று கேளுங்கள். நடத்துகிறவர்களே கேள்வி எடுத்து, அவர்களே திருத்தி, மதிப்பெண்ணை மட்டும் இங்கிலாந்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அந்தப் பட்டத்தில் இங்கிலாந்து இருப்பது தாளில் மட்டும்தான்.

வேறு படிப்புகளுக்கு யோசிப்பவர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். இன்ஜினியரிங் என்றால், ஒரு நாட்டின் இன்ஜினியரிங் படிப்பை இன்னொரு நாடு ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. ஆனால் என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான் அது பொருந்தும். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருந்து சிவிலுக்கு இல்லாமல் போகலாம். வெளிநாட்டில் மருத்துவம் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் ஒழுங்குமுறையைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூட நகர்த்தாதீர்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி, திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி, அதோடு தகுதித் தேர்வு. இப்போதைய எஃப்எம்ஜிஇ என்ற வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். ‘அங்கேயும் டாக்டர் ஆகலாமா?’ என்ற ஒரே கேள்வியில் பாதி ஏஜென்ட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இதுவரை சொன்னதில் விதிகளைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை. இனி சொல்வதெல்லாம் அனுமானம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலேயே வந்திருக்கும் வெளிநாட்டுக் கிளைகள் எப்படிப் போகும் என்று இப்போதே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. குஜராத் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொலாங்காங் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன, அவை யுஜிசியின் கீழ் வராமல் ஐஎஃப்எஸ்சிஏ என்ற தனி ஆணையத்தின் கீழ் வருகின்றன. யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி குருகிராமில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் கிளை 2025இல் தொடங்கியது. நாலைந்து அணி வெளியே வந்து வேலையில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். பொறுப்பு ஒரே கையில் இருப்பதால், கூட்டாளி வைத்து நடத்துவதைவிடச் சொந்தக் கிளை மேல் என்று என் மனசு சொல்கிறது. ஆனால் சிங்கப்பூர்க் கதையையும் சொல்லிவிட்டேனே. வேலை கொடுப்பவர் இந்தப் பட்டத்தை மதிப்பாரா, மூன்றாம் வருடம் விசா விதி என்ன ஆகியிருக்கும் என்பதையெல்லாம் நான் சொன்னால் அது ஜோசியம்.

அப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது. அந்தப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் சொந்த வலைத்தளத்துக்குப் போங்கள், ஏஜென்ட் அனுப்பும் இணைப்பு வழியாக வேண்டாம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்கள் கூட்டாளி நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டிருக்கும். அதில் இந்தக் கல்லூரியின் பெயர், இந்தப் பிபிஏ, இந்த ஊர் மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களின் தரப் பிரிவுக்கே நேராக மின்னஞ்சல் போடுங்கள், நாலு வரி போதும், மகளையே எழுதச் சொல்லுங்கள். இங்கே கல்லூரி முதல்வரிடம், ஏஜென்டிடம் அல்ல, கையெழுத்தோடு கேளுங்கள்: 2022 ஒழுங்குமுறையில் இது எந்த வகை, பட்டத்தில் யார் பெயர், கற்ற இடம் என்று எது அச்சாகும், விசா கிடைக்காவிட்டால் மூன்றாம் வருடத்தை இங்கே முடிக்க முடியுமா, ஒப்பந்தம் எந்த வருடம் வரை, பணம் திரும்பக் கிடைக்கும் விதி என்ன. முன்பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். கல்லூரியும் இல்லாமல் பல்கலைக்கழகமும் இல்லாமல் ஏதோ ‘எஜுகேஷன் சர்வீசஸ்’ பெயரில் கணக்கு இருந்தால், அந்த 80,000க்குக் கல்லூரி பொறுப்பாளி அல்ல என்றுதான் நாளை பதில் வரும். முடிந்தால் அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளை ஒருத்தியைக் கேன்டீனில் பிடித்து, போன மாதம் வகுப்பு எத்தனை நாள் நடந்தது என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது என் 22 வருடக் காகிதத்தில் தெரியாது.

அதுவரை பணம் கட்ட வேண்டாம். ‘வெள்ளிக்கிழமையோடு சீட் முடிகிறது’ என்று போன் வரும், வரட்டும். முதல்வரின் பதில் கையெழுத்தோடு வந்தால், பெயர்களை மறைத்துவிட்டு அதை இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். ‘நேரில் வாங்க சார், பேசிக்கலாம்’ என்று மட்டும் வந்தால் அதையும் போடுங்கள்.